ஈயின் தாய்வழிச் சுவடி

ஈ என்றதும் முகம் சுளித்துக் கையை வீசுவது மக்கள் இயல்பு. ஆயினும் உயிர்நூல் கற்பார்க்கு ஈயைப் போன்ற நல்லாசிரியர் கிடைத்தல் அரிது. பழக்கூடையின் மேல் வட்டமிடும் செங்கண் சிற்றீயாகிய டிரசோபிலாவை வளர்த்து ஆராய்ந்த தாமஸ் ஹண்ட் மார்கன், 1910ஆம் ஆண்டில் அவற்றினிடையே வெண்கண் உடைய ஆண் ஈ ஒன்றைக் கண்டார். அந்த ஓர் ஈயின் வழித்தோன்றல்களைத் தொடர்ந்து சென்றே, மரபணுக்கள் குரோமோசோம்களின்மீது அமைந்துள்ளன என்னும் உண்மையை அவரும் அவர்தம் மாணவரும் நிலைநாட்டினர்.

குரோமோசோம்கள் உயிரணுவின் உட்கருவில் இருப்பவை. இக்கட்டுரை அவற்றைப் பற்றியதன்று. உட்கருவுக்கு வெளியே இருக்கும் மற்றொரு சிறு சுவடியைப் பற்றியது.

நான் குடியிருக்கும் ஸ்ரீராம்புரத்தில், பி.யு.சி. படிக்கும் மாணவர் சிலர்க்கு மாலை வேளையில் உயிர்நூல் சொல்லித் தருவது என் வழக்கம். கனிந்த ஏலக்கி வாழைப்பழத் துண்டு ஒன்றைச் சீசாவில் இட்டுச் சன்னலருகே வைத்தால், இரண்டொரு நாளில் டிரசோபிலாக்கள் வந்து சேரும். அவற்றைக் காட்டிப் பாடம் நடத்துகையில் ஒரு மாணவி, “அண்ணா, எங்கள் தாத்தா எந்த ஊரிலிருந்து பெங்களூருக்கு வந்தார் என்று கேட்டால் பாட்டி சொல்வார். இந்த ஈ எங்கிருந்து வந்தது என்று யாரைக் கேட்பது?” என்றாள்.

நல்ல கேள்வி. ஈயையே கேட்கலாம் என்பதுதான் விடை. ஆனால் அது எழுதி வைத்திருக்கும் அச்சிறு சுவடி தாய்வீட்டுக் கதையை மட்டுமே சொல்லும். தந்தைவீட்டுக் கதையைச் சொல்லாது. இதை மறவாமல் படிப்பவர்க்கு அது பெருந்துணை. மறந்து படிப்பவரை அது வழி தவறச் செய்துவிடும். இவ்விரண்டையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இழைமணி

ஈயின் உடலும் நம் உடலைப் போலவே உயிரணுக்கள் பலவற்றால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவிலும் உணவை எரித்து ஆற்றல் தரும் சிற்றுலைகள் பல உள்ளன. அவற்றிற்கு மைட்டோகாண்டிரியா என்று பெயர். கிரேக்க மொழியில் ‘மைட்டோஸ்’ என்பது இழை. ‘காண்டிரியன்’ என்பது சிறுமணி. ஆகவே தமிழில் ‘இழைமணி’ என்பது பொருத்தமான பெயர். நாமும் அவ்வாறே வழங்குவோம்.

டிரசோபிலா பறக்கும்போது நொடிக்கு ஏறத்தாழ 200 முறை சிறகடிக்கிறது. அதற்கு வேண்டிய ஆற்றலைத் தருவதற்காக, அதன் பறக்கும் தசைகளில் இழைமணிகள் நெருங்கி அடைந்து கிடக்கின்றன. ஈ பறப்பது சிறகால் மட்டும் அன்று, இழைமணியாலும் ஆம்.

உட்கருவில் மட்டுமே இருப்பதாகக் கருதப்பட்ட டி.என்.ஏ., இழைமணிக்குள்ளும் உண்டு என்பதை 1963ஆம் ஆண்டில் மார்கிட் நாஸ், சில்வன் நாஸ் ஆகிய இருவரும் மின்னணு நுண்ணோக்கியின் துணையால் காட்டினர். உலைக்குள் ஏடு எதற்கு என்னும் ஐயம் எழும். அதற்கு விடை வரலாற்றில் உள்ளது. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், தனித்து வாழ்ந்த பாக்டீரியா ஒன்று மற்றோர் உயிரணுவினுள் புகுந்து, அழியாமலும் அழிக்காமலும் அங்கேயே குடியமர்ந்தது. அதன் வழிவந்தவையே இழைமணிகள். 1967இல் லின் மார்குலிஸ் இக்கொள்கையை விரிவாக எடுத்துரைத்தபோது ஏற்றவர் சிலர். இன்று மறுப்பவர் இலர். வந்த விருந்தாளி தன் உடைமைகளிற் பெரும்பகுதியை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டது. ஒரு சிறு பெட்டியை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டது. அப்பெட்டிதான் இழைமணி டி.என்.ஏ.

வட்டச் சுவடியின் அமைப்பு

குரோமோசோம் டி.என்.ஏ. நீண்ட இழை, அதற்குத் தலையும் வாலும் உண்டு. இழைமணி டி.என்.ஏ. தொடக்கமும் முடிவும் இல்லாத வளையம். டி.என்.ஏ. என்னும் மொழிக்கு நான்கே எழுத்துக்கள்: அடினைன், தைமின், குவானின், சைட்டோசின். இவ்வெழுத்துக்கள் இரண்டிரண்டாக இணைந்து நிற்பதால், நீளத்தை இணைகளால் அளப்பர்.

மனிதனின் இழைமணிச் சுவடி 1981இல் முழுமையாகப் படிக்கப்பட்டது. அதன் நீளம் 16,569 இணைகள். ஈக்களுள் முதலில் முழுமையாகப் படிக்கப்பட்டது ஆப்பிரிக்காவில் வாழும் டிரசோபிலா யகூபா என்னும் இனத்தின் சுவடி. அதனை 1985இல் கிளேரி, வால்ஸ்டன்ஹோம் என்னும் இருவர் வெளியிட்டனர். நீளம் 16,019 இணைகள். மார்கன் வளர்த்த டிரசோபிலா மெலனோகாஸ்டரின் சுவடி 19,517 இணைகள் கொண்டது. அதே ஈயின் உட்கரு டி.என்.ஏ. பதினெட்டுக் கோடி இணைகள் அளவினது என்றால், இழைமணிச் சுவடி எத்துணைச் சிறியது என்பது புலனாகும்.

சிறியதாயினும் செறிவானது. இவ்வளையத்தில் உள்ள மரபணுக்கள் 37. அவற்றுள் 13 புரதங்களை ஆக்குவன. 22 இடமாற்றும் ஆர்.என்.ஏ.க்களை ஆக்குவன, 2 ரைபோசோம் ஆர்.என்.ஏ.க்களை ஆக்குவன. மனிதனுக்கும் இதே 37தான். பதின்மூன்று புரதங்களும் மூச்சுக்காற்றின் துணையால் ஆற்றல் தரும் பொறியின் உறுப்புக்கள். அப்பொறிக்கு வேண்டிய மற்ற உறுப்புக்களை உட்கரு செய்து அனுப்புகிறது. இரண்டு பட்டறைகளில் செய்த உறுப்புக்கள் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் பொறி ஓடும். இச்செய்தியைப் பின்னர் நினைவுகூர வேண்டியிருக்கும்.

மரபணுவுக்கும் மரபணுவுக்கும் நடுவே வெற்றிடம் பெரும்பாலும் இல்லை. சில இடங்களில் ஒரு மரபணுவின் கடைசி எழுத்துக்களே அடுத்ததன் முதலெழுத்துக்களாகவும் நிற்கின்றன. ஓலையைச் சிறிதும் வீணாக்காத பழைய எழுத்தர் கைவண்ணம் போன்றது இது.

ஒரே ஒரு பகுதி மட்டும் இதற்கு விலக்கு. அங்கே மரபணு எதுவும் இல்லை. படியெடுக்கும் வேலை அங்குதான் தொடங்குகிறது. ஈயின் சுவடி முழுவதிலும் ஐந்தில் நான்கு பங்கு எழுத்துக்கள் அடினைனும் தைமினுமே. இப்பகுதியிலோ அவ்விரண்டைத் தவிரப் பிறவற்றைக் காண்பது அரிது. யகூபாவில் இதன் நீளம் 1,077 இணைகள், மெலனோகாஸ்டரில் 4,601. சற்றுமுன் கண்ட இரு சுவடிகளின் நீள வேறுபாடு ஏறத்தாழ 3,500 அன்றோ? அதனைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால், வேறுபாடு முழுவதும் இவ்வொரு பகுதியிலிருந்தே வருவது தெரியும். மரபணுக்கள் நிற்கும் பகுதியின் அளவு மாறவில்லை. வெற்றுப்பகுதியே நீண்டும் குறுகியும் வருகிறது.

மரபணுக்கள் நிற்கும் வரிசையும் எளிதில் மாறுவதன்று. மாறாத வரிசையில் எப்போதோ நேர்ந்த ஒரு மாற்றம் பெரிய உறவுகளைக் காட்டிவிடும். லூசின் என்னும் அமினோ அமிலத்தைக் கொண்டுவரும் சிறு மரபணு ஒன்று, ஈ முதலிய பூச்சிகளிலும் இறால் முதலிய ஓட்டுடலிகளிலும் குறிப்பிட்ட இரு மரபணுக்களுக்கு இடையே நிற்கிறது. சிலந்தியிலும் மரவட்டையிலும் அது வேறிடத்தில் நிற்கிறது. இந்த ஓர் இடப்பெயர்ச்சியைச் சான்றாகக் காட்டி, பூச்சிகளுக்கு மரவட்டையைவிட இறாலே நெருங்கிய சுற்றம் என்று பூரும் அவர்தம் தோழரும் 1998இல் நிறுவினர். சந்தைக்கடையில் இறாலை மொய்க்கும் ஈ, தன் உறவினரைத்தான் மொய்க்கிறது.

இழைமணியின் தனிவழக்கு

மொழியில் வட்டார வழக்கு உண்டு. ஒரு சொல் ஓரூரில் ஒரு பொருளும் வேற்றூரில் மற்றொரு பொருளும் தரும். டி.என்.ஏ. மொழியிலும் அப்படியே. மூன்று எழுத்துக்கள் சேர்ந்து ஒரு சொல்லாகும். தைமின், குவானின், அடினைன் என்று வரும் சொல்லுக்கு உட்கருவில் ‘நிறுத்துக’ என்று பொருள். இழைமணியிலோ ‘டிரிப்டோபான் என்னும் அமிலத்தைச் சேர்க்க’ என்று பொருள். அடினைன், குவானின், அடினைன் என்னும் சொல் உட்கருவில் ஆர்ஜினைனைக் குறிக்கும். ஈயின் இழைமணியில் செரீனைக் குறிக்கும். எஞ்சிய இச்சில மரபணுக்களும் உட்கருவுக்குக் குடிபெயராமல் நிற்பதற்கு இத்தனிவழக்கும் ஒரு காரணம் என்பர். அங்கே சென்றால் அவற்றைப் பிழையாகவே படிப்பார்கள்.

தாய்வழியே வருவது எவ்வாறு?

நம் பெயருக்கு முன்னர்த் தந்தையின் பெயரெழுத்தைத் தலைப்பெழுத்தாக இடுகிறோம். இழைமணிக்குத் தலைப்பெழுத்து இட்டால் அது தாயின் எழுத்தாகவே இருக்கும். உட்கரு டி.என்.ஏ. தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி வருகிறது. இழைமணியோ தாயின் முட்டையிலிருந்து மட்டும் வருகிறது.

விந்து மிகச் சிறியது, முட்டை பெரியது, ஆகவே இவ்வாறு நேர்கிறது என்று பலர் எண்ணுவர். ஈயின் செய்தி அவ்வாறன்று. மெலனோகாஸ்டர் ஈயின் உடல் மூன்று மில்லிமீட்டர் கூட இராது. அதன் விந்தின் நீளமோ ஏறத்தாழ 1.8 மில்லிமீட்டர்! அவ்வளவு நீண்ட விந்து முழுவதும் இழைமணியோடு முட்டையினுள் நுழைகிறது. ஆயினும் தந்தையின் சுவடி பிள்ளைக்குச் சேர்வதில்லை. ஏன்? விந்து உருவாகும்போதே அதிலுள்ள இழைமணி டி.என்.ஏ. அழிக்கப்பட்டுவிடுகிறது என்று டெலூக்கா, ஓ’பாரல் ஆகியோர் 2012இல் காட்டினர். பெட்டி உள்ளே வருகிறது. சுவடி இல்லாத வெறும்பெட்டியாய் வருகிறது. எப்போதோ ஒருமுறை தந்தையின் சுவடி கசிந்து வருவதும் உண்டு, அது விதிவிலக்கு.

பாட வேறுபாடும் காலக்கணக்கும்

உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த வரலாறு நாம் அறிந்ததே. பல ஊர்களினின்றும் ஏட்டுச்சுவடிகளைத் திரட்டி, பாட வேறுபாடுகளை ஒப்பிட்டு அவர் உழைத்தார். இரு சுவடிகளில் ஒரே பிழை ஒரே இடத்தில் இருக்குமாயின், அவை ஒரே மூலத்தைப் பார்த்து எழுதப்பட்டவை என்று ஊகிக்கலாம். பிழைகள் பெருகப் பெருக, மூலத்தினின்று தொலைவு மிகுகிறது.

ஈயின் சுவடியைப் படிக்கும் முறையும் இதுவே. தாய் மகளுக்குப் படியெடுத்துத் தரும்போது எப்போதேனும் ஓர் எழுத்துப் பிழைபடும். அப்பிழை மகளின் வழியெல்லாம் தொடரும். இழைமணியில் இப்பிழைகள் உட்கருவைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு மிகுதியாக நேர்கின்றன என்று மெலனோகாஸ்டரில் 2008இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று கணக்கிட்டது. மேலும் தாயின் சுவடியும் தந்தையின் சுவடியும் கலந்து புதிய பாடம் உண்டாவதும் பெரும்பாலும் இல்லை. ஆகவே அண்மைக் காலத்துக் கிளைப்பிரிவுகளை அறிய இது ஏற்ற கருவி. அன்றியும் ஓர் உயிரணுவில் உட்கருச் சுவடி இரண்டே படி. இழைமணிச் சுவடியோ நூற்றுக்கணக்கான படிகள். உலர்ந்த ஈயின் ஒரு காலிலிருந்தும் அதனைப் படித்துவிட முடிகிறது.

மாம்பழ ஈயின் வழக்கு

இதனால் நமக்கு என்ன பயன் என்று கேட்கலாம். கோடையில் கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரத்திலிருந்து பெங்களூருக்கு மாங்காய் வந்து குவிகிறது. ஸ்ரீராம்புரத்துத் தள்ளுவண்டிகளிலும் கிளிமூக்கு மாங்காய் நிறைகிறது. வெளியே பழுதில்லாத பழத்தை அறுத்தால் உள்ளே வெண்புழுக்கள் நெளிவதை நீங்களும் கண்டிருப்பீர்கள். அது பாக்ட்ரோசெரா டார்சாலிஸ் என்னும் பழ ஈயின் புழு. பெண் ஈ பழத்தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடுகிறது. வாழைப்பழச் சீசாவுக்கு வரும் டிரசோபிலா வேறு, இது வேறு. ஆயினும் இரண்டும் ஈக்குலமே.

இப்புழுவின் விலை என்னவென்று 2014இல் நம் நாடு அறிந்தது. இந்தியாவிலிருந்து சென்ற சரக்குகளில் பழ ஈ முதலிய பூச்சிகள் காணப்பட்டமையால், ஐரோப்பிய ஒன்றியம் அவ்வாண்டு மே மாதம் முதல் இந்திய மாம்பழத்தையும் நான்கு காய்கறிகளையும் தடைசெய்தது. மாம்பழத்தின் மீதிருந்த தடை 2015 சனவரியில்தான் நீங்கியது. ஈ எந்த இனம் என்பது அறிஞர் அவைக்கு மட்டும் உரிய கேள்வியன்று. தோப்புக்காரரின் வயிற்றைத் தொடும் கேள்வி.

இனி வழக்கைக் கேளுங்கள். 2003இல் ஆப்பிரிக்காவின் கென்யாவில் மாமரங்களைத் தாக்கும் புதிய ஈ ஒன்று தோன்றி விரைவாகப் பரவியது. இலங்கையில் உள்ள ஈயோடு அது ஒத்திருந்தது. 2005இல் அதற்கு ‘படையெடுப்பது’ என்னும் பொருளில் பாக்ட்ரோசெரா இன்வேடன்ஸ் என்று தனி இனப்பெயர் சூட்டினர். அதற்கு முன்பே, 1994இல், தென்கிழக்காசியாவின் பப்பாளி ஈக்கும் பிலிப்பைன்சு ஈக்கும் தனிப்பெயர்கள் சூட்டப்பட்டிருந்தன. பெயர் வேறானால் சட்டமும் வேறாகும். ஒரு நாட்டில் இல்லாத ‘புதிய இனம்’ என்றால் அந்நாடு தன் கதவை அடைத்துக்கொள்ளும்.

இழைமணிச் சுவடிகளை ஒப்பிட்டபோது, இவ்வீக்களைத் தனித்தனி இனமாகப் பிரிக்கத்தக்க பாட வேறுபாடு கிடைக்கவில்லை. ஆனால் அறிஞர் அதனோடு அமையவில்லை. உருவத்தை அளந்தனர், கலந்து இனம் பெருக்குகின்றனவா என்று சோதித்தனர், ஆண் ஈ விடும் மணப்பொருளை ஆராய்ந்தனர், உட்கரு டி.என்.ஏ.வையும் குரோமோசோம்களையும் ஒப்பிட்டனர். எல்லாச் சான்றுகளும் ஒரே திசையைக் காட்டிய பின்னரே, இன்வேடன்ஸ், பப்பாளி ஈ, பிலிப்பைன்சு ஈ ஆகிய மூன்றும் டார்சாலிஸே என்று 2015இல் பல நாட்டு அறிஞர் கூடித் தீர்ப்பளித்தனர்.

அதே தீர்ப்பில் மற்றொரு பாடமும் உண்டு. காரம்போலா ஈ என்னும் நெருங்கிய உறவினத்தை டார்சாலிஸினின்று இழைமணிச் சுவடி ஒன்றைக் கொண்டே தெளிவாகப் பிரித்தல் கடினம். ஆயினும் பிற சான்றுகள் அது வேறினம் எனக் காட்டியமையால், அது தனித்தே நிறுத்தப்பட்டது. தாய்வீட்டுச் சாட்சியை மட்டும் கேட்டிருந்தால் இங்கே தீர்ப்புப் பிழையாகியிருக்கும்.

சுவடி வழி தவறச் செய்யும் இடம்

பிழை எவ்வாறு நேரும்? இரண்டு வழிகளைக் கூறுவேன்.

முதலாவது கலப்பு. மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் டிரசோபிலா ஆராய்ச்சி நெடுங்காலமாக நடைபெறுகிறது. அங்கே நாசூட்டா என்னும் ஈயையும் ஆல்போமிகன்ஸ் என்னும் ஈயையும் கலந்து வளர்த்தனர். முன்னதன் குரோமோசோம்கள் 8. பின்னதன் குரோமோசோம்கள் 6. இரண்டும் கூடிப் பெற்ற வழிமரபுகள் மலடாகாமல் பெருகி, பல தலைமுறைகளுக்குப் பின் குரோமோசோம் அமைப்பில் புதிய கிளைகளாகவே ஆகிவிட்டன. அக்கிளைகளின் உட்கருவில் இரு குலத்துச் செல்வமும் கலந்திருக்கும். இழைமணியோ முதல் தாயின் குலத்தை மட்டுமே சொல்லும். அதை மட்டும் படிப்பவர், தந்தையின் குலம் ஒன்று இருந்ததையே அறியார்.

இரண்டாவது உடன்பயணி. உல்பேக்கியா என்னும் பாக்டீரியா பல பூச்சிகளின் உயிரணுக்களுள் வாழ்கிறது. அதுவும் இழைமணியைப் போலத் தாயின் முட்டை வழியே பிள்ளைக்குச் செல்வது. இதனைத் தாங்கிய ஆண் ஈ, தாங்காத பெண்ணோடு கூடினால் முட்டைகள் பெரும்பாலும் அழிகின்றன. தாங்கிய பெண்ணுக்கோ எந்த ஆணோடு கூடினும் கேடில்லை. ஆகவே தாங்கிய பெண்களின் வழி விரைவாகப் பெருகும். அவற்றின் இழைமணிச் சுவடியும் உடன் பெருகும். கலிபோர்னியாவில் டிரசோபிலா சிமுலன்ஸ் ஈக்களிடையே இவ்வாறு உல்பேக்கியா ஆண்டுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கு நோக்கிப் பரவியதை டுரெல்லியும் ஹாப்மனும் 1991இல் எழுதினர். அதனோடு ஒருவகை இழைமணியும் பரவியது. சுவடியை மட்டும் பார்த்தவர், அவ்வகை இழைமணி சிறந்தது, ஆதலால் வென்றது என்று எண்ணுவர். உண்மையில் அது ஓடும் வண்டியில் தொற்றிக்கொண்டு வந்தது.

தாயின் சாபம்

தாய்வழியே மட்டும் வருவதில் மற்றொரு விளைவும் உண்டு. ஆண் ஈயின் இழைமணி அதனோடு முடிந்துவிடுகிறது. ஆகவே பெண்ணுக்குக் கேடு செய்யும் பிழையை இயற்கைத் தேர்வு களைந்துவிடும். ஆணுக்கு மட்டும் கேடு செய்யும் பிழையை அவ்வாறு களைய வழியில்லை. இதற்குத் ‘தாயின் சாபம்’ என்று பெயரிட்டனர். 2012இல் ஆஸ்திரேலியாவில், உட்கரு ஒன்றாகவும் இழைமணி மட்டும் பதின்மூன்று வகையாகவும் இருக்கும்படி மெலனோகாஸ்டர் ஈக்களை வளர்த்துப் பார்த்தனர். ஆண்களின் வாழ்நாளும் முதுமையும் இழைமணிக்கு ஏற்ப வேறுபட்டன. பெண்களிடம் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை.

இரண்டு பட்டறை உறுப்புக்கள் பொருந்தினால்தான் பொறி ஓடும் என்று முன்னர்க் கூறினேன். இழைமணியின் பிழையை ஈடுசெய்யுமாறு உட்கருவும் மாறிக்கொண்டே வரவேண்டியிருக்கிறது. ஈயின் உடலில் இவ்வுடன்பாடு இன்றும் நடந்துகொண்டே இருக்கிறது. நம் உடலிலும் அப்படியே.

நாம் செய்யத்தக்கது

நண்பர்களே, இத்துறைக்குப் பெங்களூரைப் போல் வாய்ப்பான ஊர் தென்னாட்டில் வேறு ஏது? தேசிய உயிரியல் மையத்திலும், ஜக்கூரிலுள்ள ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்திலும் டிரசோபிலா ஆராய்ச்சி நடைபெறுகிறது. எசரகட்டாவில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் பழ ஈயை அடக்கும் வழிகளை ஆராய்கிறது. எப்பாளத்தில் பூச்சி வளங்களுக்கான தேசிய நிலையம் இருக்கிறது. வீட்டிலே தொடங்க விரும்புவோர்க்குப் பெருஞ்செலவும் இல்லை. ரவை, வெல்லம், அகர், சிறிது ஈஸ்டு இவற்றைக் காய்ச்சிச் சீசாவில் ஊற்றினால் டிரசோபிலாவுக்கு அதுவே விருந்து. பத்துப் பன்னிரண்டு நாளில் புதிய தலைமுறை வெளிவரும். தாய் ஈ எது, மகள் ஈ எது என்று குறிப்பேட்டில் எழுதிவரப் பழகுங்கள். மரபுநூலின் முதற்பாடம் அதுவே.

அம்மாணவிக்கு நான் சொன்ன விடையை இங்கும் சொல்லி அமைகிறேன். ஈ தான் வந்த வழியைத் தன் உடலிலேயே எழுதி வைத்திருக்கிறது. ஆனால் ஒரு சுவடியில் அன்று, பல சுவடிகளில். இழைமணி அவற்றுள் மிகச் சிறியது, படிக்க எளியது, தாயின் பெயரை மறவாதது. அதனை முதலிற் படியுங்கள். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள்.